‘டிஸ்டர்ப்’ என்றொரு சொல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஆங்கிலம் அறியாத வீடுகளிலும் ஆங்கிலச் சொற்கள் குடியிருக்கின்றன. பஸ், டிக்கெட், டீச்சர் போன்றவை பொருள்களோடும் ஆட்களோடும் சேர்ந்து வந்தவை. அவற்றின் மேல் எனக்குப் புகார் ஏதும் இல்லை. நான் எழுத வந்தது ‘டிஸ்டர்ப்’ என்னும் சொல்லைப் பற்றி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டிமாரும் எங்கள் கொட்டாரத்தில் இந்தச் சொல்லைத் திருத்தமாக உச்சரிப்பார்கள். “ஏல, அக்கா படிக்கா, டிஸ்டர்ப் பண்ணாத” என்று பேரனை அதட்டும் குரலை எந்தத் தெருவிலும் கேட்கலாம். ஆங்கிலச் சொல் என்ற நினைப்பே யாருக்கும் இல்லாத அளவுக்கு அது நம் வீட்டுச் சொல் ஆகிவிட்டது.

ஆங்கிலேயன் இந்தச் சொல்லை இரண்டு பொருளில் ஆளுகிறான். செய்துகொண்டிருக்கும் வேலையைக் குறுக்கிட்டு நிறுத்துவது ஒன்று. மனத்தின் நிலையைக் குலைப்பது மற்றொன்று. இரண்டாவது பொருளில்தான் ‘டிஸ்டர்பிங்’ என்ற வடிவம் மிகுதியாக வருகிறது. ஒரு செய்தி, ஒரு கனவு, ஒரு புகைப்படம் ‘டிஸ்டர்பிங்’ என்றால், அதைக் கண்டவர் உள்ளுக்குள் நிம்மதி இழந்தார் என்று அர்த்தம். அங்கே நின்றுபோன வேலை எதுவும் இல்லை. உள்ளம்தான் அசைந்திருக்கிறது.

நாம் இந்தச் சொல்லை இறக்குமதி செய்தபோது முதல் பொருளை எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம். அண்மைக் காலமாகச் சினிமா மேடைகளில் “இந்தப் படம் என்னை ரொம்ப டிஸ்டர்ப் பண்ணிடுச்சு” என்று பாராட்டாகச் சொல்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் மேடையை விட்டு இறங்கி வீட்டிலும், அலுவலகத்திலும், வகுப்பறையிலும் கேட்டுப் பாருங்கள். ‘டிஸ்டர்ப்’ என்றால் தொந்தரவு, வேலைக்கு இடைஞ்சல், அவ்வளவே. இப்படிப் பாதிப் பொருளோடு ஒரு சொல்லை வைத்துக்கொண்டதனால் நமக்கு ஒரு நஷ்டம் நேர்ந்திருக்கிறது என்பது என் கருத்து. அது மொழி நஷ்டம் மட்டுமன்று.

சொல்லின் பிறப்பை முதலில் பார்ப்போம். இலத்தீன் மொழியில் ‘டுர்பா’ என்றால் கூட்டம், குழப்பம். அதிலிருந்து பிறந்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘டிஸ்டர்ப்’ ஆயிற்று. அதே குடும்பத்துப் பிள்ளைகள்தாம் ‘டர்புலன்ஸ்’, ‘ட்ரபிள்’, ‘டர்பிட்’ என்பவையும். கடைசிச் சொல்லுக்குக் கலங்கிய நீர் என்று பொருள். வேதியியல் ஆய்வகத்தில் நீரின் கலங்கலை ஒளி சிதறும் அளவைக் கொண்டு அளக்கிறார்கள். குடிநீரில் அது 1 அலகுக்கு மேல் போகலாகாது, வேறு நீரே கிடைக்காத இடத்தில் 5 அலகு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இங்கேதான் எனக்கு வியப்பு. தமிழனும் இதே நீர்க்கரையில் நின்றுதான் சொல்லைக் கண்டெடுத்திருக்கிறான். குளம் கலங்கும், குட்டை கலங்கும், மனமும் கலங்கும். தெருவில் கூட்டம் மோதிக்கொண்டாலும் ‘கலவரம்’ என்கிறோம். “அவன் முகம் கலவரம் அடைந்தது” என்று உள்ளத்துக்கும் அதையே சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘டிஸ்டர்பன்ஸ்’ எப்படித் தெருவுக்கும் மனத்துக்கும் பொதுவோ, அப்படியே இதுவும். கடல் கடந்த இரு மொழிகள் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே உவமையைப் பிடித்திருக்கின்றன.

எங்கள் நாஞ்சில் நாட்டில் இன்னும் சில சொற்கள் உண்டு. ‘வெப்ராளம்’ என்பார்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துத் தாய்க்கு வருவது அது. ‘சங்கடம்’ என்ற சொல்லை மற்ற மாவட்டத்தார் தர்மசங்கடம் என்னும் பொருளில் சொன்னால், எங்கள் பக்கத்தில் அது துக்கம். “எனக்கு சங்கடமா இருக்கு” என்று ஓர் அத்தை சொன்னால் அவள் அழப்போகிறாள் என்று புரிந்துகொள்ள வேண்டும். ‘உபத்திரவம்’ என்பதும் இங்கே கனமான சொல். வெறும் இடைஞ்சலுக்கு அதைச் சொல்ல மாட்டார்கள். காயப்படுத்துவதற்குத்தான் சொல்வார்கள். இவற்றில் சில மலையாளத்தோடு நமக்குப் பொது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன் வழிவந்த ஆட்சியோடும் இருந்த மண்ணுக்கு அது இயல்புதானே. எங்கள் ஊரின் பெயரே மலையாளத்தில் அரண்மனையைக் குறிக்கும் சொல். ஆகவே ‘பிறமொழிச் சொல்லை விரட்டு’ என்று நான் கொடி பிடிக்கவில்லை. வந்த சொல் முழுப் பொருளோடு வந்ததா, வந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று மட்டுமே கேட்கிறேன்.

இயற்பியல் மாணவர்களுக்கு இந்தச் சொல் நாள்தோறும் கண்ணில் படுவது. அலை என்றால் என்ன? ஊடகத்தின் வழியே பரவும் ஒரு ‘டிஸ்டர்பன்ஸ்’ என்று எங்கள் ஆங்கிலப் புத்தகங்கள் வரையறுக்கின்றன. அமைதியாக இருக்கும் காற்றில் ஒரு குலைவு ஏற்பட்டு அது பரவினால்தான் ஒலி. அந்தக் கணக்கில் பார்த்தால், “டிஸ்டர்ப் பண்ணாதே” என்று ஆசிரியர் சொல்லும் சொல்லே ஒரு டிஸ்டர்பன்ஸ் ஆகத்தான் எங்கள் காதுக்கு வந்து சேருகிறது! 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் நீரை ஓடவிட்டு, அதற்குள் ஒரு சாயக் கோட்டைச் செலுத்திப் பார்த்தார். நீர் மெல்ல ஓடும்வரை சாயம் நூல் பிடித்தது போல் நேராகச் சென்றது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் கோடு உடைந்து குழாய் முழுவதும் கலங்கிப் போயிற்று. அந்த எல்லையை அவர் பெயரால் இன்றும் ஓர் எண்ணாகக் கணக்கிடுகிறோம். நீர் தானாகக் கலங்கவில்லை. கலங்குவதற்கு ஒரு காரணமும் ஓர் அளவும் இருந்தன என்பதுதான் அந்தச் சோதனையின் அழகு.

வானிலைத் துறையினரும் இந்தச் சொல்லைக் கையாள்கிறார்கள். காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டுக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஆனது முதல் பெரும்புயல் வரை எல்லாமே அவர்கள் மொழியில் ‘சைக்ளோனிக் டிஸ்டர்பன்ஸ்’. 62-ஐத் தொட்டால்தான் புயல் என்ற பெயர். 2017 நவம்பர் 29-இல் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக உருவானது, மறுநாள் 30-ஆம் தேதி காலையில் குமரிக் கடலில் ‘ஒக்கி’ என்னும் புயலாகிவிட்டது. அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. கரையிலோ ரப்பரும் தென்னையும் வாழையும் முறிந்து கிடந்தன. மின்சாரம் இல்லாத இரவுகள் இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. அறிவியல் தன் அளவுகோலுக்கு ஏற்ற சொல்லை வைத்துக்கொள்ளட்டும். அது அதன் உரிமை. ஆனால் கடற்கரைக் கிராமங்களில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பெண்களின் வெப்ராளம் அந்த ‘டிஸ்டர்பன்ஸ்’ பட்டியலில் எந்தக் கட்டத்திலும் அடங்காது. இது போகட்டும்.

மனிதர் விவகாரத்துக்கு வருகிறேன். ‘டிஸ்டர்ப்’ என்று நம் நாட்டில் யாரை யார் சொல்கிறார்கள் என்று கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

அலுவலகத்தில் வாசலில் நிற்பவர் சொல்வார்: “உள்ளே சார் வேலையா இருக்காங்க, டிஸ்டர்ப் பண்ணாதீங்க.” ஒரு சான்றிதழுக்காக வந்து காலையிலிருந்து வெயிலில் நிற்பவருக்கும் வேலை உண்டு. அன்றைக்கு அவர் வயலுக்கோ கொத்து வேலைக்கோ போயிருந்தால் கூலி கிடைத்திருக்கும். ஆனால் அவருடைய நாளைச் சார் ‘டிஸ்டர்ப்’ செய்தார் என்று எவரும் சொல்வதில்லை. மருத்துவமனையில் “டாக்டரை டிஸ்டர்ப் பண்ணாதீங்க” என்பார்கள். நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணால் கூவி எழுப்புவதற்கு அந்தச் சொல் கிடையாது. வீட்டிலும் அப்படியே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான்தான் முதல். ஆகையால் நான் புத்தகத்தை விரித்தால் வீடே மூச்சடக்கும். தொலைக்காட்சியின் ஒலி குறையும். தம்பி வெளியே விரட்டப்படுவான். அம்மா காலையில் எழுந்தது முதல் இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை நூறு முறை கூப்பிடப்படுகிறாள். மீன் அரிந்துகொண்டிருந்தாலும், அரிசி களைந்துகொண்டிருந்தாலும், “அம்மா, அது எங்கே? இது எங்கே?” என்று எல்லாரும் கேட்கிறோம். “அம்மாவை டிஸ்டர்ப் பண்ணாதே” என்ற வாக்கியத்தை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நாற்காலி போட்டுச் செய்யும் வேலைக்குத்தான் இந்தச் சொல் காவல் நிற்கிறது. குந்தி உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அது வருவதில்லை.

ஆங்கிலச் சொல்லில் இந்த ஏற்றத்தாழ்வு இயல்பாகவே இருக்கிறதா என்றால், இல்லை. மனம் கலங்குவது என்ற இரண்டாம் பொருள் எல்லா மனிதருக்கும் பொது. மனம் இல்லாதவர் யார்? வேலை நிற்பது என்ற முதல் பொருளில்தான் எந்த வேலை பெரிது என்ற கணக்கு நுழைகிறது. நாம் பொதுவானதை விட்டுவிட்டுக் கணக்குள்ளதை எடுத்துக்கொண்டோம்.

வகுப்பறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, இங்கே ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் மாணவர்கள் நம் கல்லூரியில் நிறைய. பாடத்தின் நடுவில் ஒரு சொல் புரியாமல் போனால் அதற்குப் பின்னால் வரும் பத்து வாக்கியங்களும் புரியாது. கையைத் தூக்கிக் கேட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதற்குத் தடை நீங்கள் இல்லை. நாங்களே எங்களுக்குள் கட்டி வைத்திருக்கும் ‘டிஸ்டர்ப்’ தான். “கிளாஸை டிஸ்டர்ப் பண்ணுதா பாரு” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு முணுமுணுப்பு வரும் என்ற பயம்தான். சந்தேகம் கேட்பவளும், பின்னால் உட்கார்ந்து அரட்டை அடிப்பவனும் ஒரே சொல்லால் அடிபடுகிறார்கள். “சார், டிஸ்டர்ப் பண்ணுறதுக்கு மன்னிக்கணும்” என்ற முன்னுரையோடு கேள்வி கேட்கும் பழக்கத்தை மாணவ நண்பர்கள் இன்றோடு விட்டுவிடலாம். “ஒரு சந்தேகம் சார்” என்று எழுந்தாலே போதும். மன்னிப்புக் கேட்க அங்கே குற்றம் என்ன நடந்தது?

இந்தச் சொல் எங்கள் மண்ணில் செய்த பழைய வேலை ஒன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். அது கல்லூரி நூலகத்தில் புத்தகம் புரட்டியபோது எனக்குப் பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில் நாடார் முதலிய பல சாதிப் பெண்கள், உயர்ந்த சாதியார் என்று சொல்லிக்கொண்டவர்கள் முன்னிலையில் மார்பை மறைக்கலாகாது என்பது வழக்கமும் சட்டமுமாக இருந்தது. கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணியலானார்கள். மற்றவர்களும் தோள்சீலை போடத் துணிந்தார்கள். 1820-களில் சந்தையிலும் வழியிலும் அந்தச் சீலைகள் கிழித்தெறியப்பட்டன. 1829-இல் வந்த அரச ஆணை கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. உயர்சாதிப் பெண்களைப் போல் மேல்சீலை அணிவதை அது மறுத்துவிட்டது. 1858, 1859 ஆண்டுகளில் மீண்டும் தீ மூண்டது. சென்னை ஆளுநராக இருந்த டிரெவெலியனின் நெருக்குதலுக்குப் பிறகு 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா ஆணை பிறப்பித்தார். அப்போதும் முழு விடுதலை இல்லை. உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்ற நிபந்தனை அதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய பலர் அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? ‘டிஸ்டர்பன்ஸ்’! யாருடைய அமைதி குலைந்தது? தெருவில் நடக்கையில் தோளிலிருந்து துணி உருவப்பட்டவளுடைய அமைதியையா அந்தச் சொல் குறிக்கிறது? அவளுக்கு முதலிலிருந்தே அமைதி இருந்ததில்லை; ஆகவே குலைவதற்கும் ஒன்றும் இல்லை. அவள் ஒரு முழத் துணியை எடுத்துத் தோளில் போட்டதும் பிறருடைய அமைதி குலைந்தது. உடனே அது ‘டிஸ்டர்பன்ஸ்’ என்று ஏட்டில் ஏறியது. நாம் அதைத் தமிழில் ‘தோள்சீலைக் கலகம்’ என்று சொல்லி வந்தோம். இப்போது ‘தோள்சீலைப் போராட்டம்’ என்கிறோம். கலகம் என்பதற்கும் போராட்டம் என்பதற்கும் உள்ள தூரம், கதையை யார் பக்கத்தில் நின்று சொல்கிறோம் என்பதன் தூரம்.

அதே காலத்தில், எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் உள்ள சாமித்தோப்பில், அய்யா வைகுண்டர் ஒடுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வழிபடச் சொன்னார். எல்லாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க வைத்தார். அவரைத் திருவனந்தபுரம் சிறையில் கொண்டுபோய் அடைத்தார்கள். அவர் யாரையும் அடிக்கவில்லை. யாருடைய சொத்தையும் பறிக்கவில்லை. ஆளுவோரின் மனத்தைக் கலக்கினார். அவர் செய்த ‘குற்றம்’ அதுவாகத்தான் இருக்க முடியும். இன்றைக்கும் அந்தப் பதியில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் வழிபடுகிறார்கள்.

தோள்சீலை வரலாறு நம் காலத்திலும் சிலரைக் கலக்கியது. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் இருந்த அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2016 டிசம்பரில் அறிவித்தது. 2019-இல் உடை பற்றிய அந்த அத்தியாயமே என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது. அந்தப் பாடத்தில் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதப்பட்டிருந்த சில வரிகளுக்கு அச்சமூகத்தாரே ஆட்சேபம் தெரிவித்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிழையான வரியைத் திருத்தக் கேட்பது நியாயம். ஆனால் வரியைத் திருத்துவதற்குப் பதிலாக வரலாற்றையே எடுத்துவிட்டால், டில்லியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இப்படி ஒன்று நடந்தது என்று எப்படித் தெரியும்? படிக்கிற பிள்ளையின் மனம் கொஞ்சம் கலங்கட்டுமே. ‘டிஸ்டர்பிங்’ என்ற சொல்லின் நல்ல பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

இனி, இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மாணவியர் இதைப் படிக்கத் தொடங்கும்போதே யூகித்திருப்பார்கள்.

கன்னியாகுமரியிலிருந்து கொட்டாரம், பொற்றையடி, வழுக்கம்பாறை, சுசீந்திரம் வழியாக நாகர்கோவில் வரும் காலைப் பேருந்துகளில் வரும் மாணவியர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ஒரு வாக்கியம் அடிக்கடி வரும். “ஒருத்தன் டிஸ்டர்ப் பண்ணுதான்.” இதன் பொருள் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஒருவன் நாள்தோறும் பின்தொடர்கிறான்; கூட்ட நெரிசலைச் சாக்காக வைத்து இடிக்கிறான்; எங்கிருந்தோ கைப்பேசி எண்ணை வாங்கி இரவில் கூப்பிடுகிறான்; ‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகும் வீட்டுத் தெரு முனையில் வந்து நிற்கிறான். இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. வீட்டில் அம்மாவிடம் சொல்வதும் அதே சொல்தான். அம்மா அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் அப்பாவிடம் சொல்வதும் அதே சொல்தான். அப்பா பஸ்ஸை மாற்றச் சொல்வார், அல்லது படிப்பை நிறுத்தலாமா என்று யோசிப்பார்.

இந்த இடத்தில் ஏன் ‘டிஸ்டர்ப்’ வந்தது? தமிழில் சொல்ல வாய் கூசுகிறது என்பது ஒரு காரணம். அந்த நாணத்தை நான் கேலி செய்ய மாட்டேன். நம் பாட்டிமார் ‘உபத்திரவம்’ என்று சொல்லியிருப்பார்கள். அதில் காயம் தெரிந்தது. ‘டிஸ்டர்ப்’ என்றதும் காயம் மறைந்துவிடுகிறது. தம்பி தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைப்பதும் டிஸ்டர்ப். ஒருவன் பெண்ணின் உடம்பின் மேல் கை வைப்பதும் டிஸ்டர்ப்! இரண்டையும் ஒரே தராசில் ஒரே படிக்கல்லால் நிறுக்கிறோம். கேட்பவர்களும் “காதில வாங்காம போ, தானா விட்டுருவான்” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒலியைக் கூட்டி வைப்பவனுக்கு அந்த யோசனை பொருந்தும்.

சட்டமே ஒரு காலத்தில் இந்தத் தவற்றைச் செய்து, பிறகு திருத்திக்கொண்டது என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். ‘ஈவ் டீசிங்’ என்ற சொல் இந்தியாவில் பிறந்த ஆங்கிலம். ஏவாளைக் கேலி செய்தல் என்று அதற்கு வார்த்தைப் பொருள். எங்கள் மாவட்டத்தில் ஏவாள் யார் என்று சொல்லத் தேவையில்லை. விலக்கப்பட்ட கனியைத் தின்று ஆதாமையும் தின்ன வைத்தவள் அவள். ஆக, குற்றம் செய்தவன் பெயரே சொல்லில் இல்லை. குற்றத்துக்கு ஆளானவளின் மேல் பழைய பழி ஒன்று ஏறி நிற்கிறது. செய்ததோ வெறும் கேலி! 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இத்தகைய ‘கேலி’யால் உயிரிழந்தார். நாடே அதிர்ந்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் தலைப்பிலும் ‘ஈவ் டீசிங்’ என்ற சொல்தான் முதலில் இருந்தது. பின்னர் தலைப்பையே திருத்தி ‘ஹராஸ்மெண்ட்’, அதாவது துன்புறுத்தல், என்ற சொல்லைப் போட்டார்கள். அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு பேருந்து நிலையத்தில் 1999-இல் நடந்த சம்பவம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2012 நவம்பரில் தீர்ப்பளித்த நீதிமன்றம், பேருந்து நிலையம், ரயில் நிலையம், திரையரங்கம் போன்ற இடங்களில் சாதாரண உடையில் பெண் காவலரை நிறுத்த வேண்டும் என்றது. பேருந்துக்குள்ளேயே இப்படி நடந்தால், பாதிக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டதும் பேருந்தை அருகில் உள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நம் வழித்தடத்துப் பயணியர் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2013-இல் பின்தொடர்தல் தனிக் குற்றமாகவே சட்டத்தில் எழுதப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-ஆம் பிரிவு. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், தொடர்புகொள்ள முயல்வதும், அவளுடைய இணையப் பயன்பாட்டை வேவு பார்ப்பதும் அதில் அடங்கும். முதல் முறை 3 ஆண்டு வரையிலும், மறுமுறை 5 ஆண்டு வரையிலும் சிறை. ‘டிஸ்டர்ப்’ என்று நாம் இலேசாகச் சொல்வதைச் சட்டம் இவ்வளவு கனமாக எடுத்துக்கொள்கிறது.

சக மாணவர்களுக்கு ஒரு சொல். “நான் சும்மா பேசத்தானே போனேன், டிஸ்டர்ப் பண்ணவா செய்தேன்?” என்று சிலர் கேட்பதுண்டு. ஆங்கில அகராதியின் இரண்டாம் பொருளை அவர்கள் எடுத்துப் பார்க்கலாம். உன் நோக்கம் என்ன என்பதை அந்தப் பொருள் கேட்பதில்லை. எதிரில் இருப்பவருடைய மனம் கலங்கியதா என்பதையே கேட்கிறது. மாலை வகுப்பு முடிந்து நிறுத்தத்துக்குப் போகும் பெண், வழக்கமான பாதையை விட்டுச் சுற்றுப் பாதையில் போகிறாள் என்றால் அங்கே விடை இருக்கிறது.

மாணவியருக்கு நான் சொல்ல விரும்புவது நடைமுறை சம்பந்தப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகளும் அதில் உட்காருவார்கள். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவதும் குழுவின் கடமை. வெளியில் நடப்பதற்கு 181 என்ற எண் இருக்கிறது. புகார் எழுத உட்காரும்போது ‘டிஸ்டர்ப் செய்தான்’ என்று எழுதாதீர்கள். படிப்பவருக்கு அந்த வார்த்தையிலிருந்து ஒன்றும் புலப்படாது. தேதியை எழுதுங்கள். எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம், மணி என்ன, அவன் சொன்ன சொல் என்ன, கை எங்கே பட்டது, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், பக்கத்தில் யார் நின்றார்கள், இது எத்தனையாவது முறை என்று எழுதுங்கள். வாய் கூசும் சொல்லைக் கை எழுதிவிடும். அம்மாவிடம் சொல்லும்போதும் அப்படியே சொல்லுங்கள். “எனக்கு வெப்ராளமா இருக்கு அம்மா” என்று தொடங்கினால் அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவாள்.